விருப்பமும் விலங்கும்

தமிழகத்தின் வடவெல்லையில், ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊர் ஊத்துக்கோட்டை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு அவ்வூர்த் தேநீர்க் கடையொன்றில் நாம் அமர்ந்திருந்தோம். பக்கத்து விசிப்பலகையில் இருவர் இருந்தனர். ஒருவர் முதியவர், மற்றவர் அவ்வட்டாரத்துச் செங்கல் சூளை ஒன்றில் கணக்கெழுதுபவர். சூளையிலிருந்து இரவோடு இரவாக ஓடிப்போன ஒரு குடும்பத்தை ஆள் வைத்துத் தேடிப் பிடித்து வந்த செய்தியை, மழை பெய்த செய்தியைச் சொல்வதுபோல் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகுட்டிக்காரனை இப்படிப் பிடித்து வரலாமா, தம்பி?" என்றார் முதியவர்.

"நாங்களா பாய் அவனைக் கூப்பிட்டோம்? அவனாகத்தானே வந்து முன்பணம் வாங்கினான். கைநாட்டு வைக்கும்போது யாராவது அவன் கையைப் பிடித்தோமா?" என்றார் கணக்கர்.

முதியவர் பெருமூச்செறிந்தார். "அதுவும் சரிதான். எல்லாம் அல்லாஹ் விதித்தது. அவனவன் நசீபு" என்று சொல்லித் தேநீரை அருந்தி முடித்தார். இருவரும் எழுந்து சென்றனர். நாமும் எழுந்தோம், ஒரு சொல்லும் சொன்னோமில்லை. அந்நாளில் நாம் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அந்தச் சூளையிலிருந்துதான் கல் வந்துகொண்டிருந்தது என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

அன்று கேட்ட அவ்விரு சொற்களும் பிற்பாடு நம்மை உறங்கவிடவில்லை. ஒருவர் மனிதனின் சுதந்திர விருப்பத்தைச் சொன்னார். மற்றவர் இறைவனின் விதியைச் சொன்னார். அறிஞர் உலகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எதிரெதிர் நின்று வாதாடி வரும் இரண்டு கொள்கைகள் இவை. ஆயின் அந்தத் தேநீர்க் கடையில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்தன. இரண்டும் ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரை, அதைக் கண்டோர் கணக்கிலிருந்து நீக்கிவிட்டன. நேர்மாறான இரு கொள்கைகள் ஒரே விதமான நிம்மதியைத் தருவது எங்ஙனம்? தீமை யாருடையது? நன்மை செய்யும் ஆற்றல் நம்மிடம் உண்டா? உண்டெனில் அது எதற்காக? இக்கேள்விகளைச் சற்றே ஆராய்வோம்.

தீமையைப் பற்றிய வினா எல்லா மக்களிடத்தும் உண்டு. ஊத்துக்கோட்டையை அடுத்து, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சுருட்டப்பள்ளியில், பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சை உண்டு களைத்த சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் இருப்பதாக நம் இந்துச் சகோதரர்கள் போற்றுகின்றனர். அமுதைத் தேடிக் கடைந்த கடலிலேயே நஞ்சும் பிறந்தது என்னும் அக்கதையில், நன்மையும் தீமையும் ஒரே இடத்தினின்று ஏன் எழுகின்றன என்ற கேள்வி பொதிந்துள்ளது. வள்ளுவரும் இக்கேள்வியை விட்டாரில்லை. ஊழின் வலிமையைக் கூற 38ஆம் அதிகாரத்தை வகுத்த அவரே, முயற்சியின் வலிமையைக் கூற ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டு வாழ்வை விளக்க இயலாது என்பதை அப்பேரறிஞர் கண்டிருத்தல் வேண்டும்.

கிரேக்க நாட்டில் எபிகூரசின் பெயரால் வழங்கும் வாதம் கூர்மையானது. தீமையை நீக்க இறைவன் விரும்பியும் அவனால் இயலவில்லையெனில் அவன் வல்லமையற்றவன். இயன்றும் விரும்பவில்லையெனில் அவன் கருணையற்றவன். இரண்டும் உண்டெனில் தீமை எங்கிருந்து வந்தது? இதுவே அவ்வாதத்தின் சாரம். சாக்ரதீசோ வேறொரு பக்கம் நோக்கினார். அறிந்து எவனும் தீமை செய்வதில்லை, அறியாமையே தீமையின் வேர் என்பது அவர் கருத்து. அரிஸ்டாட்டில் இதனை முழுதும் ஏற்கவில்லை. நல்லது இன்னதென்று அறிந்தும் அதைச் செய்யாத மன உறுதியின்மை மனிதனிடத்தில் உண்டென்பதை அவர் எடுத்துக்காட்டினார். நற்பண்பு பழக்கத்தால் விளைவது. நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்றும் அவர் போதித்தார்.

அரிஸ்டாட்டில் தரும் ஓர் எடுத்துக்காட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். புயலில் அகப்பட்ட மாலுமி, கப்பல் மூழ்காதிருக்கத் தன் சரக்கைக் கடலில் எறிகிறான். அவன் அதை விரும்பிச் செய்தானா? அந்நேரத்தில் அவனே தேர்ந்து செய்தமையால் ஒருவாறு விரும்பிச் செய்தான் எனலாம். எனினும் புயல் இல்லாத நாளில் எவனும் தன் சரக்கைக் கடலில் எறிய விரும்பமாட்டான். எனவே இது விருப்பும் வெறுப்பும் கலந்த செயல் என்கிறார் அவர். பசித்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி நீட்டும் முன்பணத்துக்குக் கைநாட்டு வைப்பவனின் நிலையும் இதுவே அன்றோ? அவன் கையை எவரும் பிடிக்கவில்லை என்பது மெய். புயல் பிடித்திருந்தது என்பதும் மெய்.

இனிக் கிறித்தவ உலகுக்கு வருவோம். அவ்வுலகில் இப்பொருள் பற்றி மிக ஆழமாகச் சிந்தித்தவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்தீன் (354 – 430). இளமையில் அவர், ஒளியும் இருளும் இரு பெரும் சக்திகளாகப் போரிடுகின்றன என்னும் மானி மதத்தைப் பல ஆண்டுகள் பின்பற்றினார். பின்னர் அதைத் துறந்து, தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே தீமை என்னும் முடிவுக்கு வந்தார். பார்வையின் குறைவே குருடு என்பதைப் போன்றது இது. இறைவன் படைத்தவை அனைத்தும் நல்லவை. மனிதனின் விருப்பம் உயர்ந்ததை விட்டுத் தாழ்ந்ததை நாடும்போது தீமை விளைகிறது என்றார். பதினாறு வயதில் தோழர்களுடன் சேர்ந்து பேரிக்காய் திருடியதை அவர் தம் வாழ்க்கை நூலில் ஒளிவின்றி எழுதினார். பசிக்காகத் திருடவில்லை, பன்றிகளுக்கு எறிந்துவிட்டோம், தீமையின் சுவைக்காகவே தீமை செய்தோம் என்று வருந்தினார். தன் குற்றத்தைப் பற்றிப் பேசுகையில் அவர் பிறரையோ விதியையோ சுட்டவில்லை என்பது நாம் கவனிக்கத்தக்கது.

அவர் காலத்தவரான பெலாகியசு என்னும் துறவி, மனிதன் தன் விருப்பத்தின் வலிமையாலேயே பாவத்தை விலக்கி வாழ இயலும் என்று போதித்தார். அகஸ்தீன் அதை மறுத்தார். ஆதி மனிதனின் வீழ்ச்சியால் மனித விருப்பம் நோயுற்றுவிட்டது, இறையருள் இன்றி அது நன்மையின்பால் எழாது என்பது அவர் வாதம். கி.பி. 418இல் கார்த்தேஜில் கூடிய சபை பெலாகியசின் கருத்தைக் கண்டித்தது. பல நூற்றாண்டுகள் கழித்து அவ்வழக்கு மீண்டும் எழுந்தது. 1524இல் எராஸ்மசு மனித விருப்பின் சுதந்திரத்தை ஆதரித்து எழுத, அடுத்த ஆண்டே மார்ட்டின் லூதர் அவ்விருப்பம் அடிமைப்பட்டது என்று மறுத்து எழுதினார். கால்வினின் வழிவந்தோர், மீட்சி பெறுவோர் யாவர் என்பதை இறைவன் முன்னரே தேர்ந்துவிட்டான் என்று நம்பினர். இக்கொள்கையைத் தளர்த்த முயன்ற அர்மினியசின் மாணாக்கர்களை விசாரிக்க, ஒல்லாந்து நாட்டின் டார்ட் நகரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை ஒரு பெரும் சபை கூடியது. பல நாட்டு இறையியலாளர்கள் அமர்ந்து, மனிதனுக்குச் சுதந்திர விருப்பம் எவ்வளவு உண்டு என்று மாதக்கணக்கில் ஆராய்ந்தனர். முடிவில் அர்மினியசின் மாணாக்கர்கள் கண்டிக்கப்பட்டனர்.

டார்ட் நகரம் எங்கே, ஊத்துக்கோட்டை எங்கே என்று வாசகர்கள் வினவலாம். ஊத்துக்கோட்டையைக் கடந்து செல்லும் ஆரணியாறு பொன்னேரிப் பக்கம் ஓடிப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. அந்தப் பழவேற்காட்டில், டார்ட் சபை கூடுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1613இல், ஒல்லாந்தர் ஜெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பியிருந்தனர். நம் முன்னோர் பலர் கடல் வாணிபம் செய்த துறைமுகம் அது. கைத்தறித் துணிக்குப் பெயர்பெற்ற அத்துறையிலிருந்து துணியை மட்டும் ஒல்லாந்தர் ஏற்றவில்லை, மனிதரையும் ஏற்றினர். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டியபோதெல்லாம், ஊர்த் தரகர்கள் வாயிலாக வாங்கப்பட்ட தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பத்தேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் அனுப்பப்பட்டனர். இன்று ஜகார்த்தா என வழங்கும் அந்த பத்தேவியா நகரை ஒல்லாந்தர் நிறுவியது, டார்ட் சபை முடிவுற்ற அதே 1619இல்தான்.

ஒரே நாட்டின் ஒரே மார்க்கத்தார் ஒரு கரையில் மனித விருப்பம் சுதந்திரமானதா என்று நுணுகி ஆராய்ந்துகொண்டிருந்தனர். மற்றொரு கரையில் மனிதரின் சுதந்திரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தனர். கிழக்கிந்தியத் தீவுகளில் கிறித்தவர் வீட்டில் வளரும் பிறமதக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிக்கலாமா என்ற கேள்வியும் அச்சபையின் முன் வந்தது. அக்குழந்தைகள் அவ்வீடுகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே முதற்கண் எழுந்திருக்க வேண்டிய கேள்வி என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே வணிகர்களின் பெயர்கள் கல்லில் நின்று நிலவுகின்றன. கப்பலேறியவர்களின் பெயர்களைத் தாங்கும் கல் ஒன்றும் அக்கரையில் இல்லை.

இதைச் சொல்வது கிறித்தவ அன்பர்களைக் குறைகூறுவதற்காக அன்று. அடிமை வாணிபத்தை எதிர்த்து ஆங்கில நாட்டில் பல்லாண்டு போராடி 1807இல் அதைத் தடைசெய்வித்த வில்பர்ஃபோர்சு போன்றோரும் அதே வேதத்தை ஓதியவர்களே. நம் வரலாற்றுக்கு வருவோமாயின், அடிமையை விடுவித்தலைக் கடினமான மேட்டுப் பாதையில் ஏறுவதற்கு ஒப்பாகத் திருக்குர்ஆனின் அல்பலத் அத்தியாயம் போற்றியிருந்தும், இந்துமாக்கடலில் அடிமைகளை ஏற்றி விற்ற முஸ்லிம் வணிகர்கள் பலர் இருந்தனர். சவூதி அரேபியா அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1962இல்தான். நல்ல வேதம் கையில் இருப்பது வேறு, அதன்படி கை நடப்பது வேறு என்பதற்கு எல்லாச் சமயத்தாரும் சான்றாக நிற்கிறோம்.

மேலைத் தத்துவத்தில் இவ்விவாதம் இன்றளவும் ஓயவில்லை. இறைவன் படைத்திருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்று லைப்னிட்சு 1710இல் எழுதினார். 1755 நவம்பர் முதல் நாள், கிறித்தவத் திருநாளன்று, லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடற்கோளாலும் தீயாலும் அழிந்தது. அதைக் கண்ட வால்டேர், நான்காண்டுகளுக்குப் பின் வெளியிட்ட கதையொன்றில் அக்கொள்கையை எள்ளி நகையாடினார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கண்ட நம் கடற்கரை மக்களுக்கு வால்டேரின் கோபம் புரியாமற்போகாது. 1955இல் மாக்கி என்பார் எபிகூரசின் பழைய வாதத்தைப் புதுப்பித்தார். சுதந்திரமுள்ள மனிதரைப் படைத்துவிட்டு, அவர்கள் ஒருபோதும் தீமையைத் தேராதவாறு செய்வது இறைவனாலும் இயலாததாக இருக்கலாம். சுதந்திரம் பெருநன்மையாதலின் அதன்பொருட்டுத் தீமைக்கு இடம் தரப்பட்டது என்று பிளாண்டிங்கா 1974இல் விடையிறுத்தார்.

தருக்க அளவில் இவ்விடை வலிமையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழவேற்காட்டுத் துறையில் நின்று இதைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. யாருடைய சுதந்திரத்தின் விலை இது? வாங்கிய வணிகன் தன் சுதந்திரத்தைப் பயன்படுத்தினான். அதற்கான விலையைக் கொடுத்தவனோ விற்கப்பட்டவன். வலியவனின் விருப்பம் எளியவனின் விருப்பத்தை விழுங்கிவிடும் இடத்தில், சுதந்திரம் பெருநன்மை என்று சொல்லி நிறுத்திக்கொள்ள இயலாது. அது அத்துணைப் பெரிய நன்மையாயின், அதைப் பறிகொடுத்தவனுக்கு மீட்டுத் தருவது சுதந்திரம் உள்ளவனின் முதற்கடமை ஆகிவிடுகிறது. இறைவனுக்காக வாதாடுவோர் இந்தக் கடமையையும் உடன் சொல்லாவிட்டால், அவர்கள் வாதம் பாதி வழியில் நின்றுவிடும்.

நம் முன்னோரும் இவ்வழக்கில் ஈடுபட்டவர்களே. மனிதன் காற்றில் அலையும் சருகு என்று ஜபரிய்யாக்கள் கூறினர்; தன் செயலைத் தானே ஆக்குகிறான் என்று கதரிய்யாக்களும் முஃதஸிலாக்களும் கூறினர். இறைவன் ஒவ்வோர் அடியானுக்கும் மிக நலமானதையே செய்வான் என்ற முஃதஸிலாக் கொள்கையை, இமாம் அபுல் ஹசன் அல்அஷ்அரீ (ரஹ்) தம் ஆசிரியரிடம் மூன்று சகோதரர் கதையைச் சொல்லி மறுத்ததாகக் கூறுவர். ஒருவன் நல்லவனாகவும் ஒருவன் தீயவனாகவும் இறந்தனர். மூன்றாமவன் குழந்தையாகவே இறந்தான். தான் வாழ்ந்து நன்மை தேட ஏன் விடப்படவில்லை என்று குழந்தை கேட்டால், நீ வளர்ந்து பாவியாவாய் என அறிந்தே உன்னை எடுத்துக்கொண்டேன் என்று விடை வரலாம். அங்ஙனமாயின் என்னை ஏன் குழந்தையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று தீயவன் கேட்பானே! ஆசிரியரிடம் இதற்கு விடை இல்லை. இறைவனின் நோக்கத்தை நம் கணக்குப் புத்தகத்தில் அடக்க முடியாது என்பதே இக்கதையின் பாடம். செயலைப் படைப்பவன் இறைவன், அதைத் தனதாக்கிக்கொள்பவன் மனிதன் என்னும் 'கஸ்ப்' கொள்கையை இமாம் அவர்கள் வகுத்ததும், மனிதனின் பொறுப்பு கைநழுவிப் போகாதிருத்தற்பொருட்டே ஆகும்.

இக்கொள்கைகளைக் கற்காத பாமரரும் விளங்கிக்கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. உமர் (ரலி) அவர்கள் படையுடன் சிரியாவை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்று உமர் (ரலி) விடையளித்தார்கள். பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எக்கரையில் மேய்த்தாலும் விதிப்படியே மேய்க்கிறோம் என்றும் விளக்கினார்கள். கலீபாவின் பொறுப்பில் ஒரு படை இருந்தது. அம்மக்களைக் காக்கும் வழி கண்ணுக்குத் தெரிந்தபோது, விதியைக் காரணம் காட்டி அவர்களை நோய்க்குள் நடத்திச் செல்ல அவர்கள் மனம் இசையவில்லை.

இந்நாட்டின் சட்டமும் இந்த உண்மையை மெல்ல மெல்லவே கண்டது. ஆங்கிலேயப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விட்டுவிட்டது. இங்கே அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதரவை நீக்கிய ஐந்தாம் சட்டம் 1843இல்தான் வந்தது. கடனுக்காக மனிதன் கட்டுண்டு உழைக்கும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சட்டத்தின்படி கொத்தடிமையின் கடன் அடியோடு அற்றுப்போகிறது. அதைத் திருப்பிக் கேட்பதே குற்றம். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்சென்றது. அடித்தும் மிரட்டியும் வேலை வாங்குவது மட்டுமே கட்டாயம் ஆகாது, பசியும் வறுமையும் வேறு வழியின்மையும் கூடக் கட்டாயமே, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான கூலிக்கு உழைப்பவன் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பையே செய்கிறான் என்று நீதியரசர்கள் பகவதியும் பகருல் இஸ்லாமும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. அரிஸ்டாட்டிலின் மாலுமிக்கு இந்திய நீதிமன்றம் அளித்த நீதி என்று இதைக் கூறலாம்.

சட்டம் வந்தும் தீமை முற்றாக ஒழியவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் கல் அறுக்கும் குடும்பங்களையும், அரிசி ஆலைகளில் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களையும் அதிகாரிகள் மீட்டதாக மீண்டும் மீண்டும் செய்தி வந்துள்ளது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து மண் பிசைந்து அச்சில் இட்டால்தான் அந்த ஆயிரம் நிறையும். கூலியில் முன்பணம் கழியும். கணக்குப் புத்தகமோ முதலாளியிடம் இருக்கும். எல்லாச் சூளைகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. எந்தச் சூளை எப்படி என்று நாம் கேட்பதில்லை என்பதே நம் குற்றம்.

நற்பண்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இப்பொழுது ஒருவாறு விடை கிடைக்கிறது. கணக்கரின் கொள்கையும் முதியவரின் கொள்கையும் தம்மளவில் பொய் அல்ல. மனிதனுக்கு விருப்பம் உண்டு. இறைவனின் விதியும் உண்டு. அவற்றைத் திருப்பிய திசையே பிழை. விதி என்னும் நம்பிக்கை நம் துயருக்கு ஆறுதலாக நமக்கு அருளப்பட்டது. நம் பிள்ளை இறந்தால், நம் பொருள் அழிந்தால், கழா கத்ரை நினைந்து பொறுமை கொள்ளலாம். பிறன் துயரைக் கண்டு அதே சொல்லைக் கூறினால் அது கல்நெஞ்சம். விருப்பச் சுதந்திரம் என்னும் அறிவு நம் குற்றத்துக்கு நம்மைப் பொறுப்பாக்க அருளப்பட்டது. அகஸ்தீன் தம் திருட்டை நினைந்து தம்மையே நொந்துகொண்டதைப் போல நாமும் நம்மை நோக்கி அதைத் திருப்பல் வேண்டும். ஏழையை நோக்கி அதைத் திருப்பி, நீயாகத்தானே கைநாட்டு வைத்தாய் என்றால், அறிவே அநீதியின் கருவியாகிவிடுகிறது.

எபிகூரசின் கேள்விக்கு முழு விடை நம்மிடம் இல்லை. அது மறுமையில் விளங்கும் என்பது நம் ஈமான். ஆயின் மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி வேறு. உலகில் தீமை ஏன் இருந்தது என்பதற்கு நாம் விடை சொல்ல வேண்டியதில்லை. நம் கண்முன் நடந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதற்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வண்டிக் கல் வந்து இறங்கும்போதும், பள்ளிவாசல் சுற்றுச்சுவருக்கு ஜமாஅத்தார் விலை பேசும்போதும், மற்றவர் விலையினும் குறைவாகக் கிடைக்கிறதென்று மகிழும்போதும், அந்தக் குறைவை யார் சுமந்தார் என்று ஒரு கேள்வி கேட்பது நம் விருப்பத்துக்கு உட்பட்டதே. ஓடிப்போன குடும்பத்தைப் பிடித்து வந்தார்கள் என்று கேள்விப்பட்டால், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ ஒரு மனு எழுதுவதும் அவ்வாறே.

அன்று தேநீர்க் கடையில் நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாய் திறப்பதும் திறவாதிருப்பதும் நம் கையில் இருந்தன. திறவாமையை நாமே தேர்ந்தோம். அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, பின் என்ன ஆயிற்று என்பதை இன்றுவரை அறியோம். நாம் கட்டிய வீடு நிற்கிறது. சுவரின் பூச்சுக்குள்ளே மறைந்திருக்கும் கற்களில், பச்சை மண்ணாய் இருந்தபோது பதிந்த சின்னஞ்சிறு விரல்களின் தடம் சிலவற்றிலேனும் இருக்கும் என்றே எண்ணுகிறோம். அச்சுவரில் சாய்ந்து அமர்ந்துதான் இதை எழுதுகிறோம். நம் மௌனத்தை அல்லாஹ் மன்னிப்பானாக. அடுத்த முறை நாவைத் திறக்கும் துணிவை நமக்கும், இதைப் படிப்போர்க்கும் அருள்வானாக.